பதினோராவது ஆள்

தில்லி முனிர்காவுக்கு இரண்டு முகங்கள். ஒன்று, டி.டி.ஏ. கட்டிய அடுக்குமாடி வீடுகள். மற்றது, எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோரம் ஒதுங்கவேண்டிய சந்துகள் கொண்ட பழைய கிராமம். ஒரு பக்கம் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், சற்றுத் தள்ளி ஐ.ஐ.டி., சாலையைத் தாண்டினால் தமிழர்கள் நிறைந்த ராமகிருஷ்ணபுரம். படிக்க வந்தவர்களும், படித்து முடித்தும் ஊர் திரும்பாதவர்களும் தங்கும் இந்த வட்டாரத்தில், இரண்டு படுக்கையறை வீடு ஒன்றில் இயங்கும் ஒரு சின்ன அலுவலகத்தைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. ஹாலில் மேஜைகள், சமையலறையில் பிரிண்டர், பால்கனியில் செருப்புகள். கட்டட வரைபடம் போட்டுத் தருவது தொழில். வேலை செய்பவர்கள் பத்துப் பேர்.

ஒரு திங்கட்கிழமை பதினோராவது ஆள் வந்து சேர்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். அவருக்கு நாற்காலி இருக்கிறது. லேப்டாப் அவரே கொண்டுவந்திருக்கிறார். சிக்கல் வேறு இடத்தில். யாருக்கு எந்த வேலை, எதுவரை முடிந்திருக்கிறது என்பதைக் குறித்துவைக்க அந்த அலுவலகம் டிரெல்லோ என்ற சாஃப்ட்வேரை இலவசமாகப் பயன்படுத்துகிறது. 2024லிருந்து இலவசக் கணக்கில் 10 பேருக்குத்தான் இடம். எண்ணிக்கை அதைத் தாண்டினால் பணம் கட்டும்வரை, அல்லது ஆளைக் குறைக்கும்வரை, எல்லோருமே வேலைப் பட்டியலைப் பார்க்கலாம், தொட முடியாது. இதே ஆஸ்திரேலிய நிறுவனத்தின் இன்னொரு சரக்கான ஜிராவிலும் இலவசம் பத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே பதினோராவது ஆளைச் சேர்த்தால் அவர் ஒருவருக்கு மட்டும் கட்டணம் செலுத்தித் தப்பிக்க முடியாது. பதினோரு பேருக்கும் கட்ட வேண்டும்.

சின்ன முதலாளி என்ன செய்வார்? பையனின் பெயரைப் பட்டியலில் சேர்க்க மாட்டார். வேலையை வாயால் சொல்வார், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். மூன்றாவது நாள் பக்கத்து மேஜைக்காரர் இரக்கப்பட்டு, "தம்பி, என் ஐடியிலேயே உள்ளே போய்க்கோ, முடிச்சதும் மறக்காம வெளியே வந்துடு" என்பார். பையனும் "சரிண்ணா" என்று உட்காருவார். விவகாரம் இங்கேதான் தொடங்குகிறது.

பங்கிட்டுக்கொள்வது இந்தியக் கம்ப்யூட்டர் உலகத்துக்குப் புதிதல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973ல் ஐ.பி.எம். 370 வந்தபோது மொத்த வளாகத்துக்கும் அதுதான் பெரிய இயந்திரம். துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கமா தவறினால் மீண்டும் வரிசை. அன்று பஞ்சம் இயந்திரத்துக்கு. இன்று இயந்திரம் மாணவர் விடுதி அறைகளில்கூட இருக்கிறது, அனுமதிக்குத்தான் பஞ்சம்.

அந்த அனுமதியிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்ற கணக்கு. ஐந்து லைசென்ஸை எட்டுப் பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்; ஒருவர் மூடினால் அடுத்தவர் திறப்பார். திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்தான் எதிரி. அப்படித் தூங்கும் லைசென்ஸைக் குறைந்தது 15 நிமிடம் பொறுத்திருந்து பிடுங்கிக்கொள்ளும் வசதிகூட அந்தக் கால லைசென்ஸ் சர்வர்களில் இருந்தது. இரண்டாவது வகை, பெயருக்குப் பெயர். இவர் பெயரில் வாங்கியதை இவர் மட்டுமே தொடலாம். அவர் ஊருக்குப் போனால் லைசென்ஸும் சும்மா கிடக்கும்.

விற்பவர்களுக்கு இரண்டாவது வகைதான் பிடித்திருக்கிறது. வரைபடக்காரர்களின் அன்றாடச் சோறான ஆட்டோகேட் இதற்கு நல்ல உதாரணம். ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2020 ஆகஸ்டிலிருந்து பொது லைசென்ஸ்களைப் பெயர் லைசென்ஸ்களாக மாற்றத் தொடங்கியது. ஒன்றைக் கொடுத்தால் இரண்டு பெயர் தருவதாகச் சொன்னது. ஒரு லைசென்ஸை மூன்று ஷிப்டில் மூன்று பேர் பயன்படுத்திய அலுவலகங்களுக்கு இந்தக் கணக்கு இனித்திருக்காது. அடுத்த ஆண்டு டோக்கன் முறை வந்தது. எப்போதாவது பயன்படுத்துகிறவர்களுக்கு என்று சொல்லி, ஆட்டோகேட்டை ஒரு நாள் திறக்க 7 டோக்கன், ரெவிட் என்றால் 10 என்று விலை வைத்தார்கள். ஐந்து நிமிடம் திறந்தாலும் 24 மணி நேரத்துக்கான டோக்கன் போய்விடும்.

இதன் விளைவு வேலைப் பங்கீட்டில் தெரியும். யாருக்கு என்ன தெரியும் என்று பார்த்து வேலை கொடுத்த காலம் போய், இன்று யார் திறக்கிறார் என்று பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கெட்டிக்கார மேலாளர் திருத்தங்களைச் சேர்த்துவைப்பார். நான்கு கட்டடங்களின் கழிப்பறைக் கதவுத் திருத்தங்களும் ஒரே ஆளிடம், ஒரே நாளில். அளவெடுப்பது, பொருள் பட்டியல், வாடிக்கையாளருக்குக் கடிதம், பி.டி.எஃப்.பில் பிழை பார்ப்பது போன்ற லைசென்ஸ் தேவையில்லாத வேலைகள் மற்றவர்களுக்கு. சிக்கனம் என்ற அளவில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த "மற்றவர்கள்" எப்போதும் அதே ஆட்கள்தான் என்றால் இரண்டு வருடம் கழித்து என்ன ஆகும்? ஒருவர் ரெவிட் தெரிந்தவராக வேறு வேலைக்குப் போவார். இன்னொருவர் ரெவிட் ஓடும் அலுவலகத்தில் இருந்தவராக மட்டும் போவார். சீட் என்பது கற்றுக்கொள்ளும் இடமும்கூட என்பதை எந்த லைசென்ஸ் ஒப்பந்தமும் எழுதுவதில்லை.

இரவல் ஐடியின் கோளாறு இதைவிட நுட்பமானது. பையன் இழுத்த ஒவ்வொரு கோடும் அண்ணன் பெயரில் பதிவாகிறது. சம்பள உயர்வு பேசும்போது கம்ப்யூட்டர் காட்டும் கணக்கில் பையன் எதுவுமே செய்யவில்லை. மறுபக்கமும் உண்டு. மாடிப்படியின் அளவு தப்பாகி, கட்டுமான இடத்தில் கம்பி கட்டிய பிறகு தெரியவந்தால், பதிவேடு அண்ணனைத்தான் காட்டும். உபகாரம் செய்தவர் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார்.

இரவல் ஐடி பெரும்பாலும் ஒப்பந்த மீறல் என்ற அளவில் நிற்கும். ஆனால் அந்த மீறலுக்கு என்ன விலை கேட்கப்படலாம் என்பதற்கு லண்டனில் ஒரு உதாரணம் இருக்கிறது. மதுபான நிறுவனமான டியாஜியோ, தன் வாடிக்கையாளர்கள் ஆர்டர் கொடுப்பதற்காக வேறொரு சாஃப்ட்வேரை வைத்தது. அது உள்ளே எஸ்.ஏ.பி.யோடு பேசியது. அந்த வாடிக்கையாளர்கள் எஸ்.ஏ.பி.யைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இருந்தும் அவர்களும் பயன்படுத்துபவர்களே, லைசென்ஸ் வேண்டும் என்று 2017ல் நீதிமன்றம் சொன்னது. எஸ்.ஏ.பி. கேட்டிருந்த தொகை 5 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல்.

திருட்டு நகல் என்றால் கதை வேறு. 1995 மே 10 முதல் நடைமுறையில் இருக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, தெரிந்தே திருட்டு நகலைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் சிறையைத் தவிர்க்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வாடகை கட்டி நடத்தும் அலுவலகம் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. தில்லி உயர் நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர்கள் அலுவலகங்களுக்கே வந்து கம்ப்யூட்டர்களைச் சோதிப்பதும் நடக்கிறது. ஆட்டோடெஸ்க் வழக்கொன்றில் 2008ல் டிவிஷன் பெஞ்ச் அதற்கு வழிமுறைகளை வகுத்தது.

கல்லூரிகள் நிறைந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு குறுக்குவழி, பயிற்சிக்கு வரும் மாணவரின் கல்வி லைசென்ஸ். அது அவருக்கு இலவசம். கூலி வேலைக்குக் கூடாது என்பது நிபந்தனை. ஆட்டோகேட்டில் பல ஆண்டுகள் இதற்கு ஒரு தண்டனை இருந்தது. மாணவர் பதிப்பில் போட்ட படத்தை அச்சிட்டால் ஓரத்தில் அந்த உண்மையும் அச்சாகும். அதிலிருந்து ஒரு ஜன்னலை வெட்டி வேறு படத்தில் ஒட்டினால் முத்திரையும் கூடவே தொற்றிக்கொள்ளும். பல அலுவலகங்கள் ஒழுக்கத்தைக் கற்றது இந்த முத்திரையால்தான் என்றால் மிகையில்லை.

வேலைப் பட்டியலுக்காவது வேறு வழி உண்டு. 2006ல் வெளிவந்த ரெட்மைன் போன்ற திறந்த மூல சாஃப்ட்வேர்களில் ஆள் கணக்கே கிடையாது. பதினொன்று என்ன, நூற்றுப் பத்துப் பேரைக்கூடச் சேர்க்கலாம். மத்திய அரசே 2015ல் தன் அலுவலகங்களுக்குத் திறந்த மூலத்தை முதல் விருப்பமாக வைக்கும் கொள்கையை அறிவித்தது. ஆனால் இலவசம் என்பது லைசென்ஸுக்கு மட்டும். நிறுவ வேண்டும், புதுப்பிக்க வேண்டும், தினமும் நகலெடுத்து வைக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

முனிர்கா அலுவலகத்தில் அந்த வேலையைப் பதினோராவது ஆளிடம் கொடுப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சமையலறையில் பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சர்வராக ஓடும். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. பொங்கலுக்கு அவர் திருநெல்வேலி போயிருக்கும் வாரத்தில் சர்வர் நின்றுபோனால், பத்துப் பேரும் ஒரே நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள்.