சேர்வராயன் மலையும் கலங்கிய நீரும்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆனால் அதன் மழை உள்மாவட்டங்களிலும் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பதிவானது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. தென்பெண்ணை பெருகி விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களுக்குள் புகுந்தது. மண்சரிவும் வெள்ளமும் நாளிதழ்களில் தனித்தனிச் செய்திகளாக வந்தன. ஆனால் ஏற்காட்டில் பெய்யும் மழையின் ஒரு பங்கு அந்தத் தென்பெண்ணைக்கே போகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சேலத்திலிருந்து அடிவாரம் வரை போய் மலையை அண்ணாந்து பார்ப்பவருக்கு அதன் ஒரு முகம்தான் தெரியும். மறுபுறம், வடகிழக்கில் இறங்கும் வாணியாறு பாப்பிரெட்டிப்பட்டி வழியாகச் சென்று தென்பெண்ணையில் கலக்கிறது. மேற்கே இறங்கும் சரபங்கா, ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. மஞ்சவாடிப் பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு இணைகிறது. ஆக, இந்த ஒரே மலை இரண்டு பெரிய ஆறுகளுக்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாக விளங்குகிறது. மலையுச்சியில் ஒரு மரம் வெட்டப்பட்டால் அதன் விளைவை எங்கோ ஓர் ஊரின் கிணறு உணரும்.

மலை நீரைப் பிடித்து வைக்கும் விதமும் வியப்புக்குரியது. அடியில் இருப்பது சார்னோக்கைட் எனும் கடினமான பாறை. உச்சியில் பல இடங்களில் பாக்சைட் கலந்த நுண்துளை மண் தொப்பிபோல் மூடியிருக்கிறது. மழைநீர் அதில் ஊறி, பாறை வெடிப்புகள் வழியாக மெதுவாகக் கசிந்து, கோடையிலும் ஊற்றாக வெளிப்படுகிறது. அந்தத் தொப்பியை எடுத்துவிட்டால் மழை நின்று ஊற வழியில்லை; அப்படியே வழிந்தோடும். மேட்டூரில் இயங்கிய மால்கோ அலுமினிய ஆலைக்காக இங்கும் கொல்லிமலையிலும் பல்லாண்டுகள் பாக்சைட் வெட்டினார்கள். அது 2008ல் நின்றது. காப்பித் தோட்டங்களோ அதற்கும் மிக மூத்தவை. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியை இங்குக் கொண்டுவந்தார். நிழல்மரங்களின் கீழ் வளரும் காப்பி ஓரளவு மண்ணைக் காக்கும். நிழல்மரத்தையும் வெட்டி, சரிவைச் சமன்செய்து விடுதி கட்டுவதும், பாறையைத் துளைத்து ஆழ்துளைக் கிணறு இறக்குவதும்தான் இன்றைய கவலை. ஊற்றை நம்பி வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் குடத்துக்கே முதலில் அதன் பாதிப்பு வந்து சேர்கிறது.

கீழே நகரத்தின் கதை வேறு. சேலம் தன் குடிநீருக்காக 1911ல் பனமரத்துப்பட்டி ஏரியை அமைத்தது. பின்னர் மேட்டூர்க் காவிரி நீருக்கு மாறியது. தாகத்துக்குக் குழாய் வந்தபின் திருமணிமுத்தாற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குடிக்காத நீர் எப்படிப் போனால் என்ன என்ற மனநிலை வந்துவிட்டது. சாயப்பட்டறைக் கழிவும் வெள்ளிப்பட்டறை அமிலமும் வீட்டுச் சாக்கடையும் அதில் விழுகின்றன. மழை பெய்தால் வெள்ளை நுரை மிதந்து போகும் படம் ஆண்டுதோறும் செய்தியாகிறது. பட்டறைக்காரர்களை மட்டும் குறைசொல்வது எளிது. அவர்களுள் பலர் அன்றாடம் உழைத்து உண்பவர்கள். சுத்திகரிப்பு நிலையம் தனியாக அமைக்க அவர்களால் இயலாது, அரசுதான் பொதுவாக அமைத்துத் தரவேண்டும். நம் வீட்டுக் கழிப்பறைக் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று நாமும் கேட்டதில்லையே! (நம் ஆலயங்களின் திருமுழுக்குத் தொட்டியில் விழும் நீரும் அந்தக் குழாய் நீர்தான்.)

எசேக்கியேல் நூலின் 34ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கொழுத்த ஆடுகளைக் கண்டிக்கிறார். தெளிந்த நீரை அவை குடித்துவிட்டு, மிஞ்சியதைக் காலால் கலக்குகின்றன. மெலிந்த ஆடுகள் அந்தக் கலங்கலைத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது. மேல்மடைக்காரர், கீழ்மடைக்காரர் வழக்கை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. சேலம் கலக்கிய நீர், ஆற்றோரம் கீழே இருக்கும் உழவரின் வயலுக்கும் கிணற்றுக்கும் போகிறது. தூய குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' மடல் தெளிவாகக் கூறுகிறது. அப்படியானால் இது நீதி சார்ந்த வினா. மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு இதை முடித்துவிட முடியாது.

நம்பிக்கை கொள்ளவும் காரணம் உண்டு. சேர்வராயன் மலைநீரைப் பெறும் கன்னங்குறிச்சி மூக்கனேரி, குப்பையும் முட்புதருமாகக் கிடந்தது. சேலத்துக் குடிமக்கள் ஒன்றுகூடி 2010ல் அதைத் தூர்வாரினார்கள். அள்ளிய மண்ணைக் கொண்டு ஏரிக்குள்ளேயே சிறு தீவுகள் அமைத்து மரம் நட்டார்கள். இன்று அங்கே பறவைகள் தங்குகின்றன.

அடிவாரம் முதல் ஆற்றோரம் வரை நமக்குப் பங்குகளும் பள்ளிகளும் இருக்கின்றன. ஆண்டுதோறும் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை திருச்சபை படைப்பின் காலத்தைக் கொண்டாடுகிறது. அந்நாள்களில் ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவின் சாக்கடை எந்த ஓடையில் விழுகிறது, அந்த ஓடை எந்த ஊருக்குப் போகிறது என்று நடந்தே பார்த்து வரலாம். கண்டதை எழுதி, பங்குப் பேரவை வழியாக மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனுவாகக் கொடுக்கலாம். கீழ்மடைப் பங்கு மக்களையும் அழைத்துச் சென்றால் மனுவுக்கு வலு கூடும். கிணற்று நீரின் நிறம் மாறியதை அவர்களே நேரில் சொல்வார்கள்.