உப்புமாவும் ஜூன் மாசமும்

மக்கா, எனக்கு உப்புமா ஆகவே ஆகாது. ஆபீஸ் கேன்டீன்ல போட்டாலே எஸ்கேப்! (கத்தி வெச்சு வெட்டணும்யா அதை.)

ஜூன்ல ஸ்கூல் திறந்தப்போ கங்கைகொண்டான்ல அக்கா பையனை ரெண்டாம் வகுப்புல விடப் போனேன். புதுப் புத்தக வாசனை அப்படியே இருக்கு. பெல் அடிக்கும் முன்னாடியே பிள்ளைங்க வரிசையா உக்காந்து உப்புமா சாப்பிடுதுங்க. 2022 செப்டம்பர்ல மதுரையில தொடங்கின காலை உணவுத் திட்டம்.

எங்க காலத்துல மதியச் சத்துணவு மட்டும்தான். பிரேயர்ல எவனாவது பொத்துனு விழுவான். 'வெயில்'னுவாங்க. காலைல ஒன்பது மணிக்கு என்னய்யா வெயில்? முந்தின நாள் ராத்திரியும் அவன் சாப்பிடலைன்னு பக்கத்துல நின்ன எங்களுக்குத் தெரியும்.

'இலவசத்தால நாடு கெட்டுச்சு'ன்னு பேசற நண்பர்கள் அந்த வரிசையை ஒருநாள் பாக்கணும். என் குறை வேற: அஞ்சாம் வகுப்பு வரைக்கும்னு ஏன் திட்டம் போட்டாங்க? ஆறாம் வகுப்புக்குப் போனா பசிக்காதா?

மருமவன் 'மாமா, ஒரு வாய்'னு நீட்டினான். தின்னேன். இன்னும் பிடிக்கலை.