பாத்திரத்தில் இருக்கும் பெயர்

உத்தரமேரூருக்குப் புகழ் தந்தது ஒரு குடம். கி.பி. 10-ம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச் சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டார்கள். ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். கோவில் சுவரில் உள்ள கல்வெட்டு இதைச் சொல்கிறது. சொந்த நிலமும் வீடும் உள்ளவர்கள் பெயர்தான் அந்தக் குடத்தில் விழுந்தது.

அந்த வட்டாரத்துப் பழைய வீடுகளின் பரணில் வேறு குடங்கள் உண்டு. பித்தளைத் தவலை, அண்டா, செப்புக் குடம், வெண்கலப் பானை, ஈயச் சொம்பு! தூசி தட்டி விளிம்பைப் பார்த்தால், பலவற்றில் ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருக்கும். கலியாணத்தில் தாய்வீடு கொடுத்த சீர் அது. எத்தனையோ வீடுகளில் பத்திரத்திலும் பட்டாவிலும் அவள் பெயர் கிடையாது. பாத்திரத்தில் மட்டும் உண்டு!

பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். அதற்காக உள்ளே ஈயம் பூச வேண்டும். துலக்கவும் பாடுபட வேண்டும். எவர்சில்வர் வந்தது, அந்தப் பாடு குறைந்தது. பெண்களுக்கு அது நல்லதே. அதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால், பழைய பாத்திரம் வாங்குகிறவரின் தராசு எடையைத்தான் பார்க்கும். பெயரைப் பார்க்காது. பாத்திரம் உலைக்குப் போனால் பெயரும் உருகிவிடும்.

அதைத் தராசில் வைக்க யாருக்கு உரிமை? சீர், பெண்ணின் சொந்தச் சொத்து. கணவனும் அவன் வீட்டாரும் அதைப் பத்திரமாக வைத்திருக்கலாம். சொந்தம் கொண்டாட முடியாது. 1985-ல் உச்ச நீதிமன்றமே இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நகைக்கு உள்ள நியாயம் பாத்திரத்துக்கும் உண்டு.

ஆகவே, விற்கும் முன் அந்த அம்மாளைக் கேளுங்கள். அவர் விற்கச் சொன்னால் பணத்தை அவர் கையில் கொடுங்கள். அவர் காலமாகிவிட்டால், பெற்ற பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்து வைத்துப் பேசுங்கள். ஒரு பாத்திரத்தையாவது நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறுத்தியதைப் புழங்குங்கள். பித்தளையில் சமைப்பதானால் சுத்தமான வெள்ளீயம் பூசச் சொல்லுங்கள். காரீயம் கலந்தால் அது நஞ்சு. ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது. 232 டிகிரி சூட்டில் வெள்ளீயம் உருகிவிடும்.

வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் குழந்தை இருக்கிறதா? விளிம்பில் உள்ள பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். அது யார் என்று கேட்கும். சொல்லுங்கள்!