மூன்றடி வேலியும் மூன்று வயதுப் பிள்ளையும்

மூன்றடி என்பது பெரியவருக்கு இடுப்பளவு. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய தன் முழு உயரம். அமெரிக்காவின் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் கொரில்லாத் திடலைச் சுற்றி அந்த அளவில்தான் ஒரு வேலி இருந்தது. வேலிக்கு அப்பால் கொஞ்சம் புதர், புதருக்கு அப்பால் சுமார் பதினைந்தடி ஆழத்தில் அகழி. 1978இல் அந்தத் திடலைத் திறந்ததிலிருந்து 38 ஆண்டுகள் பார்வையாளர் யாரும் உள்ளே போய்விட்டதாகப் பேச்சே இல்லை. 2016 மே 28, சனிக்கிழமை, ஒரு சிறுவன் போனான்.

மிச்சத்தை உலகமே காணொளியில் பார்த்தது. அகழித் தண்ணீரில் விழுந்த பிள்ளையை நோக்கி ஹராம்பே என்ற ஆண் கொரில்லா இறங்கி வந்தது. அதற்கு 17 வயது நிறைந்தது முந்தின நாள்தான். எடை சுமார் 200 கிலோ. பராமரிப்பாளர்கள் குரல் கொடுத்ததும் அங்கிருந்த இரண்டு பெண் கொரில்லாக்கள் உள்ளே போய்விட்டன. ஹராம்பே போகவில்லை. ஒரு கணம் பிள்ளைக்கு அரண்போல நின்றது, மறுகணம் காலைப் பிடித்துத் தண்ணீரில் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடியது. மேலே கூட்டம் அலறிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் இப்படியே போக, பூங்காவின் ஆபத்து விலங்குக் குழு துப்பாக்கியால் சுட்டது. பிள்ளை காயங்களோடு பிழைத்தான். ஹராம்பே இறந்தது.

அதற்குப் பிறகு நடந்த சண்டை அந்தப் பத்து நிமிடத்தைவிட அதிக நாள் நீடித்தது. பெற்றோரைப் பொறுப்பாக்கக் கோரிய மனுவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். பூங்கா சுட்டது தவறு என்றார்கள் சிலர்; பூங்காவே தவறு என்றார்கள் வேறு சிலர். அவரவர் கையில் ஒரு குற்றவாளி இருந்தார். மூன்று வயதுப் பிள்ளை எட்டக்கூடிய தூரத்தில் ஒரு கொரில்லா எப்படி வந்தது என்ற கேள்வி மட்டும் அந்தக் கூச்சலில் அமுங்கிப் போனது.

முதலில் துப்பாக்கியைப் பற்றிப் பேசிவிடுவோம், மனத்தை அதிகம் அறுத்தது அதுதான் என்பதால். மயக்க ஊசி போட்டிருக்கலாமே என்று கேட்காதவர் இல்லை. மயக்க மருந்து சினிமாவில் வேலை செய்வதுபோல நிஜத்தில் செய்வதில்லை. உடலில் பரவிப் பிடிக்கச் சில நிமிடங்களாவது ஆகும். அதற்குள் ஊசி குத்திய வலியிலும் மிரட்சியிலும் அந்த விலங்கு என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதன் கையிலோ ஒரு குழந்தை. கொரில்லாவிடம் கொல்லும் எண்ணம் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. அவ்வளவு பலமுள்ள உடம்பு விளையாட்டாக இழுத்தாலே போதும் என்பதுதான் பயம்.

மறுதரப்பு கையில் இரண்டு நல்ல கதைகள் இருந்தன. 1986இல் ஜெர்சி தீவின் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கொரில்லாக்களுக்கு நடுவே விழுந்து நினைவிழந்து கிடந்தான். ஜாம்போ என்ற ஆண் கொரில்லா அவனுக்கும் மற்ற கொரில்லாக்களுக்கும் இடையில் காவல்போல நின்று, முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தது. பத்தாண்டு கழித்து, 1996 ஆகஸ்டில், சிகாகோவுக்கு அருகே புரூக்ஃபீல்டில் மூன்று வயதுப் பிள்ளை விழுந்தபோது, பின்டி ஜுவா என்ற பெண் கொரில்லா தன் குட்டி முதுகில் இருக்கவே அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பராமரிப்பாளர் வரும் கதவருகே கிடத்தியது. படிக்கும்போது கண் கலங்கும் நிகழ்வுகள்தான். ஆனால் பின்டி ஜுவா மனிதர் கையில் வளர்ந்தது. தாய்மை பழகுவதற்காக அதற்கு ஒரு பொம்மையைக் கொடுத்துப் பயிற்சி தந்திருந்தார்கள். ஜெர்சியில் பிள்ளை அசைவற்றுக் கிடந்தான். அவன் விழித்து அழத் தொடங்கியதும் ஜாம்போ விலகித் தன் கூட்டத்தோடு உள்ளே போய்விட்டது. சின்சினாட்டியில் பிள்ளை முழு நினைவோடு இருந்தான், மேலே நூறு தொண்டைகள் கத்தின. இரண்டு நல்ல முடிவுகளை நம்பி மூன்றாவது பிள்ளையைப் பணயம் வைக்க நம்மில் எத்தனை பேர் துணிவோம்? சுட்டது சரியா என்று கேட்டால், அந்த நிமிடத்தில் சரி என்றே சொல்வேன். அந்த நிமிடம் வரவே விட்டிருக்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.  

அடுத்து, தாய். அன்று அவர் கையில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். ஹாமில்டன் மாவட்டத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் ஜோ டீட்டர்ஸ், சாட்சிகளை விசாரித்துவிட்டு, ஜூன் 6ஆம் தேதி வழக்கு இல்லை என்று அறிவித்தார். மூன்று வயதுப் பிள்ளை கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்பதை நம்பாதவருக்குப் பிள்ளை வளர்த்த அனுபவம் இருக்காது என்ற பொருளில் அவர் பேசியதை, நம் வீட்டுப் பாட்டிகள் யாரும் மறுக்க மாட்டார்கள். அதற்குள் அந்தக் கறுப்பினக் குடும்பத்தின் வாழ்க்கையைத் தோண்டி எடுத்து நடுத்தெருவில் போட்டாகிவிட்டது. இந்த நிகழ்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, தந்தையின் பழைய வழக்குகள் செய்தியாயின. கொரில்லாவுக்கு இரங்கிய அதே வாய்கள் ஒரு தாய்க்கு மிரட்டல் விட்டன. இதை நீதி கேட்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் பெற்றோருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு, கனமான பொறுப்பு. 2012 நவம்பரில் பிட்ஸ்பர்க் பூங்காவில் நடந்ததை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. ஆப்பிரிக்கக் காட்டு நாய்கள் இருந்த திடலுக்கு மேலே ஒரு பார்வை மேடை. நன்றாகத் தெரியட்டும் என்று ஒரு தாய் தன் இரண்டு வயது மகனைக் கைப்பிடி மேல் தூக்கி நிறுத்தினார். பிடி நழுவியது. பிள்ளையை மீட்க முடியவில்லை. அங்கும் வழக்குப் பதியவில்லை. அந்தத் தாய்க்கு இனி எந்த நீதிமன்றம் என்ன தண்டனை கொடுக்க முடியும்? ஆனால் ‘நல்லாத் தெரியட்டும்’ என்று தூக்கிக் காட்டும் அந்தக் கை நம் எல்லோருடைய கையும்தான். திருவிழாவில் சாமி பார்க்கத் தோளில் ஏற்றியே பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் புலிக் கூண்டு வரைக்கும் கூடவே வருகிறது.

பூங்காவின் பங்கு இன்னொரு மாதிரி. சின்சினாட்டிப் பூங்காவின் இயக்குநர் தெய்ன் மேனார்ட், வேலி பாதுகாப்பானதாகவே இருந்தது என்றார். காரைப் பூட்டலாம், வீட்டைப் பூட்டலாம், உள்ளே வர வேண்டும் என்று முடிவு செய்தவன் வந்தே தீருவான் என்ற பொருளில் அவர் தந்த விளக்கம் சரியாகப் படவில்லை. மூன்று வயதுப் பிள்ளை திருடன் இல்லையே. பூட்டை உடைப்பவனைத் தடுக்க முடியாமல் போகலாம். தவழ்ந்து வருபவனைத் தடுக்கத்தான் வேலி. பின்னால் அமெரிக்க வேளாண் துறை அந்தத் தடுப்பு அன்று போதுமானதாக இல்லை என்று கண்டது. வேடிக்கை என்னவென்றால், அதே வேலி அதற்கு முன் நடந்த ஆய்வுகளில் தேறியிருந்தது. ஆக, ஆய்வாளரும் இந்தப் பட்டியலில் வந்து நிற்கிறார். 38 ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை என்பதையே வேலிக்கான நற்சான்றிதழாகப் பூங்காவும் அரசும் சேர்ந்து எடுத்துக்கொண்டன.

ஜூன் 7ஆம் தேதி திடல் மறுபடி திறந்தபோது வேலி 42 அங்குலமாகியிருந்தது. அதாவது அரையடி கூடுதல். மேலும் கீழும் கனமான மரச்சட்டங்கள், நடுவில் சின்னப் பிள்ளை நுழைய முடியாதபடி முடிச்சுக் கயிற்று வலை, கண்காணிப்புக் கேமராக்கள். பத்தே நாளில் முடிந்த வேலை. எந்தத் தொழில்நுட்பப் புதுமையும் அதில் இல்லை. பெரியவர் கண்ணில் பார்த்த வேலியை, முதல் தடவையாக, முழங்காலளவு உயரத்திலிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு காலம் ஏன் பார்க்கவில்லை? இங்கேதான் நாம் உள்ளே வருகிறோம். கம்பியில்லாமல் விலங்கைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பழையது. ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஹாம்பர்க் நகரின் ஸ்டெல்லிங்கனில் திறந்த பூங்காதான் அதற்கு வழிகாட்டி. கம்பிகளை எடுத்துவிட்டு அகழி வெட்டி, அந்த அகழியையும் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்தார். சிங்கம் எதிரே காட்டில் நிற்பதுபோலத் தோன்றியது. விலங்குகளுக்கும் அது பெரிய விடுதலை. இருட்டுக் கூண்டிலிருந்து மண்ணுக்கு வந்தன. உலகம் முழுக்க அந்த முறை பரவியது. 1985இல் திறந்த நம் வண்டலூர்ப் பூங்காவிலும் புலியையும் சிங்கத்தையும் நாம் அகழிக்கு இப்பால் நின்றுதான் பார்க்கிறோம். ஆனால் தடுப்பை மறைத்துக் கட்டும் கலைக்கு ஒரு விலை உண்டு. ஆபத்தும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. பெரியவர்களே எதிரே நிற்பது படம் என்று நினைத்துக்கொள்கிறோம்; பிள்ளைக்கு அது தாண்டிப் போய்த் தொடக்கூடிய பொம்மை. கம்பி மறைக்கிறது, தெரியவில்லை என்று முணுமுணுக்கும் ஒவ்வொரு பார்வையாளரும் அந்த வேலியின் உயரத்தில் ஓர் அங்குலத்தைக் குறைத்தவர்தான். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

கூட்டம் என்ற நான்காவது ஆளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சின்சினாட்டியில் மேலிருந்து எழுந்த அலறல் கொரில்லாவை மேலும் மிரள வைத்தது என்று பூங்காவே சொன்னது. அலறியவர்களைக் குறை சொல்ல முடியாது. பதறாத மனம் எங்கே இருக்கிறது? 2014 செப்டம்பரில் டெல்லிப் பூங்காவில் நடந்ததற்கு அந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. வெள்ளைப் புலியின் திடலுக்குள் போய்விட்ட ஓர் இளைஞர், புலியின் முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்றவர்களில் சிலர் கைபேசியில் படம் எடுத்தார்கள். சிலர் புலியை விரட்டுவதாக நினைத்துக் கல்லெறிந்தார்கள். புலி அவரைக் கழுத்தில் கவ்விக்கொண்டு போனது. எறிந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தவர்கள்தான். என்ன செய்யக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை.

ஹராம்பே என்ற பெயருக்கு மூலம் ஒரு ஸ்வாஹிலிச் சொல். எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்று பொருள். கென்யாவின் அரசுச் சின்னத்திலேயே பொறித்திருக்கிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். அந்தப் பெயர் கொண்ட விலங்கின் சாவுக்குப் பிறகு ஆளுக்கொரு பக்கமாக வடத்தை இழுத்தோம்.

ஒரே பக்கமாக இழுப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. வேலி கட்டும் பொறியாளர் ஒரு தடவை மண்டியிட்டு, குழந்தையின் கண் மட்டத்திலிருந்து அதைப் பார்க்கட்டும். ஆய்வுக்கு வருபவர் போன ஆண்டுக் கோப்பைப் பார்த்துக் கையெழுத்திடாமல், விடுமுறை நாள் கூட்டத்தில் ஒரு மணி நேரம் நின்று, பிள்ளைகள் எங்கே ஏறுகிறார்கள் என்று பார்க்கட்டும். பிள்ளைகள் பார்ப்பதற்குத் தாழ்வான கண்ணாடிச் சாளரம் வைத்துவிட்டால் தூக்கிக் காட்டும் தேவையே பாதி குறைந்துவிடும். விலங்குக்கு உணவளிக்காதீர் என்ற பலகையோடு, யாராவது உள்ளே விழுந்தால் சத்தம் போடாதீர், எதையும் எறியாதீர், விலகி நின்று ஊழியரைக் கூப்பிடுங்கள் என்று இன்னொரு பலகையும் வேண்டும். அதில் கூப்பிட வேண்டிய எண்ணும் வேண்டும். நாலு பிள்ளைகளோடு வரும் குடும்பம் உள்ளே நுழையும் முன்பே எந்தப் பெரியவர் எந்தப் பிள்ளையின் கை என்று பிரித்துக்கொள்ளலாம். ஒற்றை ஆளாய் வரும் தாய்க்கு அந்த வசதி இல்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்கும் நாம்தான் இன்னொரு கை.

பக்கத்தில் நிற்பவர் வாய் திறப்பதுதான் நம் ஊரில் கஷ்டம். அடுத்தவர் பிள்ளை விஷயத்தில் நமக்கென்ன என்று நகர்ந்துவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்காவில், கரடித் திடலின் கைப்பிடிச் சுவர் மேல் மகளை உட்கார வைத்து ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தோம், நானும்தான். பின்னாலிருந்து, அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வயதான அம்மா வந்து, “தம்பி, பாப்பாவை இறக்கிவிட்டுட்டு அப்புறம் படம் புடிப்பா” என்றார். படம் எடுத்தவருக்குச் சுருக்கென்றது. “நான் பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றார். அந்த அம்மா பதில் பேசவில்லை; போகவும் இல்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிப் பிள்ளைக்குப் பின்னால் அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவர் மகளை இறக்கினார்.

இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டினார். கரடி அப்போது நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.