அந்தச் சின்ன மூக்குக்கு எத்தனை வைத்தியம்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கைக்குழந்தை இருக்கும் வீட்டை வாசலிலேயே வாசனை காட்டிக்கொடுத்துவிடும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய், வறுத்துத் துணியில் முடிந்த ஓமம், சாம்பிராணி, போதாததற்கு மூலையில் கொசுவர்த்தி. நடுவில் ஸ்வெட்டர், குல்லா, கால் உறை எல்லாம் மாட்டிக்கொண்டு இரண்டு மாதப் பிள்ளை ஒன்று கொர்கொர் என்று மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். ஜன்னலா? அதைத்தான் முதல் தூறலிலேயே சாத்திவிட்டோமே!

மூக்கடைத்துக் கிடப்பது நாமாக இருந்தால், இப்படிப் புகை போட்ட அறைக்குள் படுத்துக்கொள்வோமா?

பிறந்த முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அந்தத் துவாரமோ மிகக் குறுகியது. துளி சளி ஒட்டினாலும் சத்தம் வரும். பிள்ளை நன்றாகப் பால் குடித்து, தூங்கி, விளையாடிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தத்துக்கு எந்த வைத்தியமும் வேண்டாம். அடைப்பு கூடும்போதுதான் தொல்லை. மார்பில் வாய் வைத்துச் சப்பும்போது மூச்சுக்கு மூக்கு மட்டும்தான் வழி. அதுவும் அடைத்திருந்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு விலகி அழும், மறுபடி பிடிக்கும், மறுபடி அழும்.

அந்த அழுகையை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம்? "பால் பத்தலை போலிருக்கு" என்று ஒருவர் பவுடர் டின் வாங்கக் கிளம்புவார். "தலைக்குக் குளிச்சியா? தயிர் சாப்பிட்டியா?" என்று இன்னொருவர் பெற்றவளை விசாரிப்பார். சளி கிருமியால் வருகிறது. பிள்ளையைப் பார்க்க வந்து, கன்னத்தைக் கிள்ளி, முகத்தருகே தும்மிவிட்டுப் போன விருந்தாளியை யாராவது விசாரித்தோமா? பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அண்ணன்காரனைக் கை கழுவிவிட்டுத் தம்பியைத் தொடச் சொன்னோமா?

குளியல் நேரம் இன்னொரு கூத்து. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும் அனுபவசாலிகளின் கைப்பதம் நமக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளிப்பாட்டி முடித்ததும் மூக்கில் வாய் வைத்து ஊதுகிறார்களே, இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறார்களே, அங்கேதான் வினை. ஊதுகிறவரின் வாயிலுள்ள கிருமி நேரே உள்ளே போகிறது. எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்கு வழுக்கி இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் அந்த எண்ணெய் கரையாது. பக்கத்தில் துண்டை நீட்டிக்கொண்டு நிற்கும் நாம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பெரியவர் மனம் கோணிவிடக் கூடாதாம். பிள்ளை மூச்சுத் திணறினால் பரவாயில்லையா?

கற்பூர எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். "இயற்கைதானே" என்பதுதான் எல்லோருடைய பதிலும். இன்று கடையில் விற்கும் கற்பூர வில்லை பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. அதுவும் போகட்டும், மரத்திலிருந்தே எடுத்தாலும் கற்பூரம் கைக்குழந்தைக்கு நஞ்சுதான். தோல் வழியாகவும் உள்ளே போகும். மூளையைத் தாக்கி வலிப்பைக் கொண்டுவரும். நெஞ்சிலும் முதுகிலும் தேய்க்கிறோமே கற்பூரம் கலந்த தைலம், அதன் அட்டையிலேயே இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று இருக்கிறது. பொடி எழுத்து, இரவு நேரம், யார் படித்தோம்? துளசிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவுவதும் இதே ரகம். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நோயின் வித்துகள் அதில் இருக்கலாம். ஆவி பிடிக்க வைக்கிறேன் என்று கொதிநீர்ப் பாத்திரத்தருகே பிள்ளையைக் கொண்டுபோய் வெந்துபோன கதைகளும் ஏராளம்.

பாட்டி வைத்தியத்தைப் பார்த்துச் சிரிக்கும் படித்த பெற்றோர் மட்டும் தேவலையா என்றால், இல்லை. நம் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் அக்கா பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த சிரப் பாதி பாட்டில் இருக்கும். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் சொன்னது. 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் சிரப் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அதன்பிறகு மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குக் கீழ் சளி, இருமல் மருந்தே எழுதக் கூடாது என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

இவ்வளவு நடந்த பிறகும், "ஒரு சிரப்பாவது எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கெஞ்சுவது யார்? எழுதாமல் அனுப்பிவிட்டால், "அவருக்கு ஒன்றும் தெரியாது" என்று அடுத்த கிளினிக் போவது யார்? நம் பதற்றத்துக்குத்தான் மருந்து கேட்கிறோம், விழுங்குவது மட்டும் பிள்ளை.

உண்மையில் வேண்டியது உப்புநீர்ச் சொட்டு மருந்து. மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும். சோடியம் குளோரைடு மட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூக்கடைப்பை வெட்டென்று திறக்கும் வேறு சொட்டு மருந்துகளும் கிட்டத்தட்ட அதே பெயரில், அதே அட்டையில் வருகின்றன. சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் என்று போட்டிருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். வீட்டிலேயே உப்பைக் கரைத்துக்கொள்ளலாம் என்ற சிக்கனமும் வேண்டாம், அளவு கூடினால் எரியும்.

பால் கொடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு, ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்றிரண்டு சொட்டு. ஒரு நிமிடம் மடியில் வைத்திருந்தால் பல பிள்ளைகள் தும்மியே சளியைத் தள்ளிவிடும். துடைத்தால் போதும். தும்மாவிட்டால் சளி உறிஞ்சும் ரப்பர் பல்பை வெளியிலேயே அமுக்கிப் பிடித்து, நுனியைத் துவார வாயில் மட்டும் வைத்து, பிடியை மெல்ல விட வேண்டும். ஆழமாக நுழைத்தாலோ நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருந்தாலோ உள்ளே வீங்கி அடைப்பு இன்னும் கூடும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். விழித்திருக்கும்போது தோளில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம், தூங்கும்போது தலையணை வேண்டாம், சமமான படுக்கையில் மல்லாந்துதான். ஜன்னலைத் திறங்கள். குல்லாவைக் கழற்றுங்கள். சாதாரணச் சளி எப்படியும் ஒரு வாரம், பத்து நாள் இருந்துவிட்டுத்தான் போகும்.

இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை கொர்கொர் என்னும்போது, போனை எடுத்துக் குடும்பக் குழுவில் கேட்காமல் அதன் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். அழாமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் என்றால் 50, அதைத் தொட்டாலே ஆபத்து. விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பாலை அடியோடு மறுத்தாலோ, மூன்று மாதம் நிறையாத பிள்ளைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ சொட்டு மருந்தும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். விடியட்டும் பார்க்கலாம் என்று வீட்டில் யார் சொன்னாலும் சரி, அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.