நீச்சலுக்கும் வேண்டும் கால அட்டவணை

குமாஸ்தாவுக்கு நாள் முழுதும் நாற்காலி. கடைச் சிப்பந்திக்கு நாள் முழுதும் நிற்கிற வேலை. மாலையில் இருவருக்கும் மிஞ்சுவது முதுகுவலிதான். ஊரில் கிணற்றில் குதித்து நீந்தியவர்கள், கழக்கூட்டம் வந்தபின் வாளிக் குளியலோடு நின்றுவிட்டோம்.

சென்ற ஆண்டு நகரத்து நீச்சல் குளம் ஒன்றில் மீண்டும் இறங்கினேன். எக்ஸ்பிரஸ் வண்டி போலப் பாய்ந்தேன். இரண்டாவது நடையிலேயே மூச்சு முட்டியது. பாசஞ்சர் வண்டி போல நின்று நின்று போவதே முறை என்பது பிறகுதான் விளங்கியது.

25 மீட்டர் ஒரு நடை. ஒவ்வொரு நடைக்கும் பின் அரை நிமிடம் ஓய்வு. முதல் வாரம் நாளுக்கு 8 நடை. வாரத்துக்கு 3 நாள். வாரந்தோறும் 2 நடை கூட்டினால், நான்கு மாதத்தில் 40 நடை, அதாவது 1 கிலோமீட்டர். அரை மணி நிதானமாக நீந்தினால் 70 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 200 கலோரி செலவாகும். கரையேறியதும் பரோட்டாக் கடைக்குப் போனால் வரவும் செலவும் சரியாகிவிடும்! இதய நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கலாகாது.

தேங்கிய குளங்கள் வேண்டாம். மூக்கு வழியே புகும் அமீபாவால் வரும் மூளைக்காய்ச்சல் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் பல உயிர்களைக் குடித்தது. குளோரின் இட்டுப் பராமரிக்கும் குளமே தகும். பக்கத்துக் காரியவட்டத்தில், 1985-இல் தொடங்கிய லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியில் அத்தகைய குளம் உண்டு. வேலை முடிந்து வரும் தொழிலாளிக்கென அங்கே குறைந்த கட்டணத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன?

உடலுழைப்பை நம்பி ஊர் விட்டு வந்தவர்கள் நாம். அந்த உடலைப் பேணுவது ஆடம்பரமாகுமா?