சீட்டு இலவசம், பேருந்து எங்கே?

கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 அன்று சக்தி திட்டம் நடைமுறைக்கு வந்தது. நான்கு அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் சொகுசு அல்லாத பேருந்துகளில், மாநில எல்லைக்குள், பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் உரிமை பெற்றனர். 2025 ஜூலையில் இத்திட்டத்தின் கீழான பயணங்கள் 500 கோடியைத் தாண்டின. பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிலாளிக்கும், வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும், சந்தைக்குக் கீரைக்கட்டுடன் வரும் சிறு விவசாயிக்கும் இது கைக்கு வந்த கூலி உயர்வாகும். இதனை ‘இலவசக் கலாச்சாரம்’ என்று ஏளனம் செய்வோர், 2019இல் பெருநிறுவன வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது அதனை வளர்ச்சி என்று போற்றியவர்களே.

ஆனால், பேருந்து வரும் ஊரில்தான் இந்த உரிமைக்கு உயிர் உண்டு. தட்சிண கன்னடம், உடுப்பி மாவட்டங்களில் பெரும்பாலான தடங்கள் தனியார் கையில் உள்ளன. அங்கே உழைக்கும் பெண் இன்றும் காசு கொடுத்தே பயணம் செய்கிறார். காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் மட்டுமே அரசுப் பேருந்து வரும் சிற்றூரில், அதைத் தவறவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. அந்த மாலைப் பேருந்தும் நிறுத்தப்பட்டால், மாணவியின் மேற்படிப்பே கேள்விக்குறியாகிவிடும். கட்டணச் சலுகையை ஓர் அரசாணையில் தந்துவிடலாம். பேருந்தை அவ்வாறு தர இயலாது. அதற்கு வண்டியும், பணிமனையும், ஓட்டுநரும், நடத்துநரும் வேண்டும்.

1948 செப்டம்பர் 12 அன்று 120 பேருந்துகளுடன் தொடங்கப்பட்ட மைசூர் அரசுப் போக்குவரத்துத் துறையே 1961இல் கழகமாயிற்று. சிக்கனமும் திறனும் மட்டுமன்றி, ‘போதுமான’ போக்குவரத்தை அளிப்பதும் கழகத்தின் கடமை என 1950ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறுகிறது. வருவாய் குறைவு எனக் காரணம் காட்டிக் கிராமத் தடத்தை நிறுத்துவது இக்கடமையைக் கைகழுவுவதாகும். பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் லாப நட்டக் கணக்கில் அளக்க முடியாதெனில், அவற்றுக்கு மக்களை அழைத்துச் செல்லும் பேருந்தை மட்டும் அவ்வாறு அளப்பது என்ன நியாயம்?

இந்தச் சுமையைத் தோளில் தாங்குவோர் தொழிலாளர்கள். 2020 ஜனவரி முதல் கிடைக்க வேண்டிய ஊதிய உயர்வு, 2023 மார்ச் முதலே அளிக்கப்பட்டது. இடைப்பட்ட 38 மாத நிலுவை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 2025 ஆகஸ்ட் 5 அன்று அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2021 ஏப்ரல் வேலைநிறுத்தத்தை அன்றைய பாஜக அரசு இடைநீக்கங்களாலும் பணிநீக்கங்களாலும் எதிர்கொண்டது. காங்கிரஸ் ஆட்சியிலும் நிலுவைக்காகத் தொழிலாளி தெருவில் இறங்க நேர்ந்தது. 2025 ஜனவரி முதல் கட்டணமும் 15 சதவீதம் உயர்ந்துள்ளது. மனைவிக்குக் கிடைத்த சலுகையின் ஒரு பகுதி கணவனின் சட்டைப் பையிலிருந்து திரும்ப எடுக்கப்படுகிறது.

ஒன்றிய அரசின் பார்வையில் கிராமமே இல்லை. 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 10,000 மின்சாரப் பேருந்துத் திட்டம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கானது. அதுவும் அரசு-தனியார் கூட்டு முறையில். பேருந்து தனியாருடையது, ஓடும் கிலோமீட்டருக்குப் பணம் தருவது அரசு. பொதுப் பணத்தில் பொதுத்துறையை ஓரங்கட்டும் வழி இது.

எனவே சக்தி திட்டத்தைப் பாதுகாப்பதும் அதனை முழுமையாக்குவதும் ஒரே போராட்டத்தின் இரு பகுதிகள். பெண்களின் பயணத்துக்கான தொகையை மாநில அரசு கழகங்களுக்கு முழுமையாக, உரிய காலத்தில் வழங்க வேண்டும். ஊதிய நிலுவை தீர்க்கப்பட்டு, காலியிடங்கள் நிரந்தரப் பணியாளர்களால் நிரப்பப்பட வேண்டும். கடலோர மாவட்டங்களில் அரசுத் தடங்கள் பெருக வேண்டும். கழகங்களுக்கு ஒன்றிய அரசும் மூலதனம் அளிக்க வேண்டும்.

நெரிசலைக் காட்டிப் பயணியையும் நடத்துநரையும் மோதவிடுவது ஆட்சியாளர்களுக்கு எளிது. ஒரே படிக்கட்டில் நசுங்கும் இருவருக்கும் தேவை இன்னொரு பேருந்து என்பதை எடுத்துச் சொல்வது கட்சியினரின் கடமை. ஒவ்வொரு ஊரிலும் நின்றுபோன தடங்களைக் கணக்கெடுத்து, கிராமப் பஞ்சாயத்துத் தீர்மானத்துடன் பணிமனை வாயிலுக்குச் செல்வதிலிருந்து அப்பணி தொடங்கட்டும்.